ஒரு தீப்பெட்டியின் அடக்க விலை



ஓராண்டுக்கு முன், ஷஃபான் மாதத்து இரவொன்றில் இஷாத் தொழுகையை முடித்துவிட்டுப் பள்ளிவாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். "ஹஜ்ரத், ஒரு நிமிடம்" என்று குரல் கேட்டது. எங்கள் மஹல்லாவில் தையல் கடை வைத்திருக்கும் சகோதரர். அவருக்குப் பின்னால், தூணோடு ஒட்டினாற்போல் அவருடைய மகன் நின்றிருந்தான். ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரை என்னிடம் மக்தபில் ஓதிய பிள்ளை அவன்.

"இவனுக்காக துஆச் செய்யுங்கள் ஹஜ்ரத். எம்.பி.ஏ. முடித்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒன்பது இடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்தான். ஒன்றும் அமையவில்லை. படிப்புக்காக அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை. கண்ணேறு பட்டுவிட்டதோ என்று இவன் அம்மா அழுகிறாள்."

துஆச் செய்தேன். துஆவைக் குறைவாக எண்ணுகிறவன் அல்லன் நான். ஆயினும் அந்தப் பிள்ளை தலை நிமிராமல் நின்றது என் மனத்தை உறுத்தியது. மறுநாள் சுபுஹுக்குப் பின் தனியே வரும்படி அவனிடம் கூறினேன்.

வந்தான். "எங்கே தவறுகிறது என்று நினைக்கிறாய் தம்பி?" என்று கேட்டேன். "ஆங்கிலம்தான் ஹஜ்ரத்" என்றான். கோவில்பட்டிப் பிள்ளைகள் எல்லோரும் சொல்லும் காரணம் இது. பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் அவன் கடைசியாகச் சென்ற நேர்முகத் தேர்வு முழுவதும் தமிழிலேயே நடந்தது. நம் ஊரிலேயே ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை அலுவலகம். வயதான உரிமையாளர். மேசைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்து, "தம்பி, இதன் அடக்க விலை என்ன இருக்கும்? உத்தேசமாகச் சொன்னால் போதும். தாள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

இவன் அடக்க விலை என்றால் என்னவென்று இலக்கணம் சொல்லியிருக்கிறான். நிலையான செலவு, மாறும் செலவு என்று பிரித்தும் காட்டியிருக்கிறான். "அது சரி, இந்தப் பெட்டிக்கு எவ்வளவு?" என்றாராம் அவர். பதில் இல்லை. "ஒரு பண்டலுக்கு எத்தனை பெட்டி?" அதற்கும் பதில் இல்லை. "சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பிவிட்டார்.

இதில் என்னை வருத்திய செய்தி வேறொன்று. அவன் அம்மாவைப் பெற்ற தாயார் பல ஆண்டுகள் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டியவர். பசை வாசனையில் வளர்ந்த பிள்ளை இவன். பண்டலுக்கு 600 பெட்டி என்பதை அந்தப் பெண்மணியிடம் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பார்.

அவன் போனபின் நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. எனவே தொழில் தெரிந்த சிலரிடம் கேட்டும் பழைய செய்திகளைப் பார்த்தும் ஒரு தாளில் எழுதினேன். 2021 டிசம்பர் 1 அன்று தீப்பெட்டியின் சில்லறை விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயாக உயர்ந்தது நினைவிருக்கும். அதற்கு முந்திய உயர்வு 2007-இல், 50 பைசாவிலிருந்து 1 ரூபாய்க்கு. இடையில் 14 ஆண்டுகள் விலை அசையவே இல்லை. மூலப்பொருள்கள் ஏறியதே 2021-இல் சொல்லப்பட்ட காரணம்: சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்கும், மெழுகு 58-இலிருந்து 80-க்கும் போயிருந்தன. 600 பெட்டி கொண்ட பண்டலை உற்பத்தியாளர்கள் 270 முதல் 300 ரூபாய் வரை விற்று வந்தார்கள். அதை 430 முதல் 480 வரை உயர்த்தினார்கள்.

இனி வகுத்துப் பாருங்கள். முன்பு உற்பத்தியாளருக்கு ஒரு பெட்டிக்குக் கிடைத்தது 45 முதல் 50 பைசா. உயர்வுக்குப் பின் ஏறத்தாழ 72 முதல் 80 பைசா. கடையில் நாம் கொடுப்பது ஒரு ரூபாய் கூடியது. தயாரித்தவருக்குச் சேர்ந்தது அதில் 30 பைசாதான். மீதி 70 பைசா எங்கே? உற்பத்தியாளர் விலையின்மேல் அப்போதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யை வைத்தாலும் பெட்டிக்கு 10 பைசாவுக்கு மேல் வரி இல்லை. ஆகவே லாரி வாடகை, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று பின்தொடர வேண்டும். ஏன் 1 ரூபாய் 30 பைசா என்று வைக்கவில்லை என்றும் கேட்க வேண்டும். 25 பைசா நாணயம் 2011-இலேயே செல்லாததாகிவிட்டது. 50 பைசா செல்லும் என்றாலும் எந்தக் கடைக்காரர் வாங்குகிறார்? நாணயம் இல்லாத ஊரில் விலை ஒரு முழு ரூபாயாகத்தான் தாண்ட முடியும். அதனால்தான் 14 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

நிர்வாகவியலை நான் படித்தவன் அல்லன். என்னிடம் இருப்பது இஸ்லாமியக் கல்வியில் ஒரு டிப்ளமா மட்டுமே. எனக்கே ஒரு மாலையில் இவ்வளவு கிடைத்ததென்றால், இரண்டு ஆண்டு முழுநேரம் அதையே படித்த பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை?

மறுநாள் அவனிடமே கேட்டேன். மறைக்காமல் சொன்னான். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்குவார்கள். ஐந்து வருடக் கேள்வித்தாள்களைப் பார்த்து, வரக்கூடியதை மட்டும் மனனம் செய்வார்கள். தேர்வு எழுதிய வாரத்திலேயே எல்லாம் மறந்துவிடும். இறுதியாண்டுப் புராஜெக்ட்? சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அது நான் செய்தது இல்லை ஹஜ்ரத். பழைய புராஜெக்ட் ஒன்றை வாங்கிப் பெயரையும் நிறுவனத்தையும் மாற்றிப் பைண்டிங் செய்தேன். பாதிப் பேர் அப்படித்தான்" என்றான்.

கடிந்து பேச வாய் திறந்தேன். பேச்சு வரவில்லை. எனக்கு என் மக்தப் நினைவுக்கு வந்தது. இந்தப் பிள்ளை ஏழு வயதில் ஒரு ஜுஸ்வை எவ்வளவு வேகமாக ஓதினான் என்று ஆண்டுவிழாவில் மேடையேற்றிப் பரிசு கொடுத்தவன் நான். அவன் ஓதிய ஒரு வசனத்திற்காவது பொருள் கேட்டிருக்கிறேனா? "அர்த்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்! மனனம் நம் மார்க்கத்தின் கண்ணியமான கலை. அதை நான் ஒருபோதும் தாழ்த்தமாட்டேன். ஆனால் குர்ஆனைக் கற்ற முதல் தலைமுறை எப்படிக் கற்றது என்பதையும் நாம் கிதாபுகளில் வாசிக்கிறோம். பத்து வசனங்களைக் கற்றால், அவற்றிலுள்ள அறிவையும் அமலையும் கற்றுக்கொள்ளாமல் அடுத்த பத்துக்குப் போகமாட்டார்களாம். விளங்காமல் ஓதுவதும் பாடம்தான் என்ற பழக்கத்தை அவனுக்கு முதலில் ஏற்படுத்தியது எந்தக் கல்லூரியும் அன்று. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அன்று அவனிடம் ஒரு ஹதீஸை மட்டும் நினைவூட்டினேன். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நீங்களும் பலமுறை கேட்டிருப்பீர்கள். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதற்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அவர்கள், மோசடி செய்பவர் என்னைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

இந்த ஹதீஸை உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் பருத்திக்கும் பொருத்திப் பேசுவோம். கரிசல்காட்டு வியாபாரத்தில் ஈரம் என்றால் எடை. எடை என்றால் பணம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் பட்டச் சான்றிதழும் ஒரு குவியல்தானே? மேலே காய்ந்த தானியம்: மதிப்பெண் பட்டியல், எக்ஸெல் சான்றிதழ், தலைமைப் பண்புப் பயிற்சிச் சான்றிதழ். வேலை கொடுக்க வருகிறவர் கையை உள்ளே விடுகிறார். அந்தத் தீப்பெட்டி உரிமையாளர் செய்தது அதுதான். நாம் அதை அதிர்ஷ்டக் குறைவு என்கிறோம், கண்ணேறு என்கிறோம்.

ஆழமாகப் படிக்காவிட்டால் வேலை கிடைக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆழமாகப் படிக்காமல் பட்டத்தை நீட்டுவது அமானிதக் கேடு என்பதை நாம் சொல்வதில்லை. திருக்குர்ஆனில் ஒருவரை வேலைக்கு அமர்த்துவது பற்றிய ஆலோசனை ஒன்று வருகிறது (28:26). மூஸா (அலை) அவர்களைப் பற்றி அந்தப் பெண்மணி தம் தந்தையிடம் கூறும்போது இரண்டே தகுதிகளைச் சொல்கிறார்: கவிய்யு, அமீன். ஆற்றல் உடையவர், நம்பிக்கைக்கு உரியவர். யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோதும் (12:55) தம்மிடம் இருப்பதாகச் சொன்னவை இரண்டு: காக்கும் தன்மை, அறிவு. இரண்டில் ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் போதாது என்றுதான் இதுவரை விளக்கி வந்தேன். விலைக்கு வாங்கிய புராஜெக்டைப் பற்றிக் கேட்டபின், இரண்டும் சேர்ந்தே கெடும் என்பது எனக்குப் புரிந்தது.

(இடையில் ஒன்று. பெண் பிள்ளைகளை பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்க வைத்துவிட்டு, இது எதற்கு என்று முணுமுணுக்கும் பெற்றோர் நம்மில் உண்டு. மேற்சொன்ன வசனத்தில் ஆள் தேர்வு செய்தவர் ஒரு பெண். நாயகம் (ஸல்) அவர்களின் நம்பகத்தன்மையைக் கேள்விப்பட்டு, தம் சரக்கை அவர்களிடம் ஒப்படைத்து சிரியாவுக்கு அனுப்பிய கதீஜா (ரலி) அவர்களும் பெண்தான்.)

சரி, என்ன செய்வது? அரபிக் கல்லூரியில் சில ஆண்டுகள் இருந்தபோது எனக்குக் கிடைத்த பழக்கம் ஒன்றையே அவனுக்குக் கொடுத்தேன். மதரஸாக்களில் உஸ்தாது பாடம் நடத்துவதற்கு முன் அந்தப் பக்கத்தை நாமே போராடி வாசித்து வரவேண்டும், அது முதாலஆ. பாடம் முடிந்த இரவில் மாணவர்கள் வட்டமாக அமர்வார்கள். ஒருவன் உஸ்தாதின் இடத்திலிருந்து பாடத்தைத் திருப்பிச் சொல்வான். மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள். அது தக்ரார். தக்ராரில் திக்கினால் பாடம் விளங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோகும். வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம்தான் எங்களைப் படிக்க வைத்தது.

"மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் வா. நீ உஸ்தாது, நான் மாணவன். உன் பழைய பாடப் புத்தகத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு கருத்து. இரண்டு நிபந்தனைகள்: எனக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும், உதாரணம் நம் ஊரிலிருந்து வரவேண்டும்" என்றேன்.

முதல் வாரம் பரிதாபமாகப் போனது. தேய்மானம் என்ன என்று விளக்க வந்தவன் புத்தகத்தின் உதாரணத்தில் இருந்த வெளிநாட்டு விமான நிறுவனத்தை விட்டு இறங்க மறுத்தான். "விமானம் வேண்டாம். உன் அத்தாவின் தையல் இயந்திரம் எத்தனை வருடம் உழைக்கும்?" என்றேன். அங்கிருந்து பாதை திறந்தது. எத்தனை உருப்படி விற்றால் நட்டம் நிற்கும் என்ற கணக்கைத் தையல் கடைக்கே போட்டுக் கொண்டுவந்தான். வாடகையும் மின்சாரமும் மாதம் 4,800 ரூபாய். ஒரு சட்டைக்கு நூல், பித்தான், காஜா, கூலி போக நிற்பது 160. ஆக முதல் 30 சட்டைகள் கடை வாடகைக்கே சரி. 31-ஆவது சட்டையில்தான் வீட்டுக்கு அரிசி. இதை அவன் அத்தாவிடம் காட்டியபோது அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாதம் பத்தாம் தேதி வரைக்கும் கட்டடக்காரருக்குத்தான் தைக்கிறேன் என்று எனக்கு இருபது வருடமாகத் தெரியுமே" என்றாராம். இந்தச் சொல்லை என்னிடம் கொண்டுவந்து சொல்லும்போது அவன் முகம் மாறியிருந்தது. மறுவாரம் முழுவதும் கேள்விகளை என்னிடம் கேட்கவில்லை. கடையில் போய் அத்தாவிடம் கேட்டான்.

சரக்கு இருப்பைப் பற்றிய பாடத்தில் யூஸுஃப் (அலை) அவர்களின் திட்டத்தை நான் எடுத்துவைத்தேன். ஏழு ஆண்டு விளைச்சலில் உண்பதற்கு வேண்டியது போக மீதியைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னார்கள் (12:47). ஏன் கதிரில்? நம் வீடுகளில் கம்பும் சோளமும் கொட்டி வைத்த குலுக்கையைப் பார்த்த முதியவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். பூச்சியும் ஈரமும்தான் மானாவாரி விவசாயியின் பகைவர்கள். உமி நீங்காத தானியம் அதிக நாள் நிற்கும். தேவையைக் கணிப்பது, இருப்பைப் பிரிப்பது, சேதத்தைத் தடுப்பது என்று மூன்றும் அங்கே இருக்கின்றன. அவன் அன்று இஷா பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

எக்ஸெல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் இருந்தது, கை வரவில்லை. நண்பனின் மடிக்கணினியில் அத்தாவின் ஆறு மாத ரசீதுகளை ஏற்றிக் கற்றுக்கொண்டான். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் பல பயிற்சிகள் கிடைக்கின்றன. பிள்ளைகள் அவற்றையும் சான்றிதழுக்காக மட்டும் முடித்துவிடுகிறார்கள் என்பதே என் மனக்குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு எட்டயபுரம் போனேன். கோவில்பட்டியிலிருந்து 15 கிலோமீட்டர் அளவுதான். உமறுப் புலவர் அடங்கியிருக்கும் ஊர். எட்டயபுரம் அவைக்களத்தில் இளவயதிலேயே பெயர் பெற்றுவிட்ட கவிஞர் அவர். அந்தப் புகழே போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் நாயகத்தின் வரலாற்றைப் பாடத் துணிந்தபோது, தமக்கு அந்த வரலாறு போதிய அளவு தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் போனார் என்றும், பிறகு பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியாரிடம் கேட்டுக் கற்றார் என்றும் வரலாறு சொல்கிறது. அதன்பின் வந்ததுதான் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணம். தமிழ் தெரிந்தவர் அரபு மூலங்களைத் தெரிந்தவர் முன் அமர்ந்த காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

ஜியாரத்தை முடித்துத் தேநீர் குடிக்கும்போது, "இந்தப் பக்கத்தில் பிறந்த ஒருவரைப் பற்றி உலகத்து எம்.பி.ஏ. மாணவர்கள் படிக்கிறார்கள், யாரென்று தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. எட்டயபுரத்துக்கு அருகேயுள்ள அயன் வடமலாபுரத்தில் 1918-இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. கடுமையான முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்பும், அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆனவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இல் அதைப் பாடமாக எழுதியது.

என்ன செய்தார் என்பதை அந்தத் தேநீர்க் கடை பெஞ்சிலேயே பேசினோம். மருத்துவர் ஒருவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவைச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவரே செய்ய வேண்டிய வேலையை மட்டும் மருத்துவர் செய்வார்; மற்றவற்றைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் செய்வார்கள். பணம் கொடுக்க முடிந்தவர்களின் கட்டணத்தில் முடியாதவர்களுக்கும் சிகிச்சை. விலை உயர்ந்த வெளிநாட்டு லென்ஸை வாங்கிக் கட்டுப்படியாகாது என்றபோது 1992-இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். "இதுதானே ஹஜ்ரத் அந்தத் தீப்பெட்டிக்காரர் கேட்டது! ஒரு கண்ணுக்கு அடக்க விலை என்ன என்று பார்த்திருக்கிறார்கள்" என்றான் அவன். அந்தப் பாடம் தன் புத்தகத்தில் ஒரு கட்டத்துக்குள் நான்கு வரியாக இருந்ததாகவும், தேர்வுக்கு வராது என்று கல்லூரியில் எல்லோரும் விட்டுவிட்டதாகவும் திரும்பும் பேருந்தில் சொன்னான்.

ஐந்து மாதம் ஆனது. கடலைமிட்டாய் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் கணக்கும் அனுப்புதலும் பார்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் வெளியூர்க் கேள்வி கூடியிருக்கிறது. எழுத்து வேலையும் கூடியிருக்கிறது. முதலாளி நாடார் சமூகத்தைச் சேர்ந்த பெரியவர். இவன் சான்றிதழ்க் கோப்பைத் திறப்பதற்கு முன், "ஐயா, என் எம்.பி.ஏ. புராஜெக்ட் நான் செய்தது அல்ல. அதைப் பார்க்க வேண்டாம். இந்த நோட்டு நான் போட்டது" என்று தையல் கடைக் கணக்கு நோட்டை நீட்டியிருக்கிறான். நனைந்த தானியத்தை மேலே வைத்துவிட்டான். இப்படிச் சொல் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குத் துணிவு வந்திருக்குமா என்று தெரியாது. பெரியவர் நோட்டைப் புரட்டி, காஜா கூலியை ஏன் தனியே போட்டிருக்கிறாய் என்று மட்டும் கேட்டாராம். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

சம்பளம் 14,000 ரூபாய். அவன் அத்தாவுக்கு இதில் திருப்தி இல்லை. "வளைகுடாவுக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன். கடலைமிட்டாய்க்கு எதற்கு ஹஜ்ரத் எம்.பி.ஏ.?" என்று கேட்டார். அவருடைய ஆதங்கம் நியாயமானது. நகை இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்ஸாரித் தோழரிடம், கடைவீதி எங்கே என்று மட்டும் காட்டுங்கள் என்று கேட்டுப் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கிய நிகழ்வைச் சொன்னேன். அவர் தலையசைத்தார்; முழுவதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சென்ற வாரம் அவன் மக்ரிபுக்குப் பின் வந்தான். தக்ராருக்கு அன்று, ஒரு மஸ்அலா கேட்க. நிறுவனத்துக்கு வெளியூர் அங்காடி ஒன்றிலிருந்து பெரிய தொகை மாதக்கணக்கில் வராமல் இருக்கிறதாம். இவன் சட்டத்தைத் தேடிப் படித்திருக்கிறான். குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிரிவின்படி, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது; பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். முதலில் முதலாளியிடம் உத்யம் பதிவு இருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்துகொண்டு, இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டுக் கடிதம் ஒன்றைத் தயாரித்திருக்கிறான். எனக்கு எதுவும் புரியவில்லை என்றதும், பிள்ளைகள் எழுதும் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் போட்டுக் காட்டினான். மூன்று முறை குறுக்கே கேள்வி கேட்டேன். ஒன்றிலும் திக்கவில்லை.

"மஸ்அலா எங்கே?" என்றேன்.

"அதே சட்டம், தாமதித்த நாளுக்குக் கூட்டு வட்டி கேட்கவும் உரிமை கொடுக்கிறது ஹஜ்ரத். ரிசர்வ் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டி. முதலாளி அந்த வரியையும் கடிதத்தில் சேர்க்கச் சொல்கிறார். சட்டப்படி அவருக்கு அது உரிமை. அவர் முஸ்லிம் அல்லர். பணமும் எனக்கு வரப்போவதில்லை. ஆனால் எழுதுகிறவன் நான். வட்டியை எழுதுகிறவரைப் பற்றிய ஹதீஸை நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? இந்த ஒரு வரியை நான் தட்டச்சு செய்யலாமா? மறுத்தால் கொடுத்த வேலையைச் செய்யாத அமானிதக் குறைவு ஆகுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. மதுரையிலுள்ள மூத்த ஆலிம் ஒருவரிடம் கேட்க வேண்டும். கிதாபுகளையும் பார்க்க வேண்டும். அசலைக் கேட்கும் கடிதத்தை அனுப்பிவிடு, அந்த வரியை முதலாளியிடம் சொல்லி வெள்ளிக்கிழமை வரை நிறுத்திவை என்றேன். "சரி ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்று கரும்பலகையைத் துடைத்து, சுண்ணக்கட்டியை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு கிதாபுகளை எடுத்து வைத்திருக்கிறேன். இன்று புதன்.